ஏரிக்கரையில் ஊர்வன

நுழையும்முன்

இருட்டில் காலருகே ஏதோ நெளிகிறது. அது எது என்று கண் பார்ப்பதற்குள் கை கல்லை எடுத்துவிடுகிறது. அந்தக் கல்லுக்கு இரையாவது பெரும்பாலும் நஞ்சில்லாத சாரையோ தண்ணீர்ப்பாம்போதான். அதேவேளையில், ஓசையின்றி வந்து உயிர்பறிக்கும் கட்டுவிரியனை நாம் பார்ப்பதேயில்லை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அறிவு இருபக்கமும் உயிரைக் காக்கும். ஊர்வன என்னும் பெருங்குலத்தையும் அதன் பிரிவுகளையும், நமக்கு அருகிலுள்ள ஓர் ஏரிக்கரையில் நின்று அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

ஏரியும் அதன் அண்டை அயலாரும்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையின் தென்புறத்தில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய இவ்வேரி, சென்னை மாநகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. இதன் உபரிநீர் அடையாற்றில் கலந்து கடலைச் சேர்கிறது. ஏரிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையும் திருப்பெரும்புதூரும், தென்மேற்கே ஒரகடமும் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளன. மகிழுந்துகளும் மின்னணுக் கருவிகளும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன.

வயலும் புதரும் ஓடையும் இருந்த இடங்களில் இன்று மதில்களும் கிடங்குகளும் எழுந்துள்ளன. ஆயினும், அந்நிலத்தின் பழைய குடிகள் முற்றிலும் வெளியேறிவிடவில்லை. உணவுக்கூடத்துக் கழிவைத் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. மதிலோரக் குப்பைமேடும், அடுக்கி வைத்த மரப்பலகைகளும், மழைநீர் வடிகாலும் அவற்றிற்குப் புதிய புற்றுகளாகின்றன. இரவுப் பணி முடித்து விளக்கில்லாத பாதையில் நடந்து செல்லும் தொழிலாளியும், எலியைத் துரத்திவரும் விரியனும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

மழைக்காலத்தில் இவ்வண்மை மேலும் நெருக்கமாகிறது. வளைகளில் நீர் புகும்போது ஊர்வன மேட்டு நிலத்தை நாடுகின்றன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டது போன்ற வெள்ளக் காலங்களில், மனிதர் தேடும் மேடும் பாம்பு தேடும் மேடும் ஒன்றாகிவிடுகின்றன. எனவே, இவ்வுயிர்களைப் பற்றிய அறிவு காட்டோரம் வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. தொழில்நகரத்தில் வாழ்வோர்க்கும் இன்றியமையாதது.

சொல்லுக்குள் இருக்கும் அறிவு

'ஊர்தல்' என்பது நிலத்தோடு உடல் படிய மெல்ல நகர்தலைக் குறிக்கும். அவ்வாறு நகரும் உயிர்களுக்கு 'ஊர்வன' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். உயிர்களை அறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்திய தொல்காப்பிய மரபு, பிரித்தறிவதில் தமிழர் கொண்டிருந்த நாட்டத்தைக் காட்டுகிறது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூவகை முதலைகளைத் தனித்தனிப் பெயரால் சுட்டுகிறது. அரவு, நாகம், பாந்தள், மாசுணம் எனப் பாம்புக்கும் பல பெயர்கள் உண்டு.

அப்பெயர்களுள் 'கட்செவி' என்பது எண்ணத்தக்கது. கண்ணையே செவியாக உடையது என்பது இதன் பொருள். பாம்பின் தலையில் செவித்துளை காணப்படாததை உற்றுநோக்கியே இப்பெயரை இட்டிருக்க வேண்டும். நோக்கியது சரி, முடிவு மட்டும் வேறு. பாம்புக்குப் புறச்செவி இல்லை, உட்செவி உண்டு. தரையில் எழும் அதிர்வைக் கீழ்த்தாடை எலும்பு வாங்கி உட்செவிக்குக் கடத்துகிறது. புதர்வழியே நடப்பவர் கோலால் தரையைத் தட்டிக்கொண்டும் அடியை அழுத்தி வைத்தும் செல்ல வேண்டும் என்று ஊரார் கூறுவதன் காரணம் இதுவே.

ஊர்வனவற்றின் பொதுப் பண்புகள்

ஊர்வன முதுகெலும்புள்ள உயிரிகள், நுரையீரலால் மூச்சுவிடுபவை. ஆயினும், இப்பண்புகள் பறவைக்கும் பாலூட்டிக்கும் பொதுவானவை. ஊர்வனவற்றைத் தனித்துக் காட்டும் அடையாளங்கள் மூன்று.

முதலாவது, தோல். தவளையின் தோல் ஈரமானது. அது காய்ந்தால் தவளை இறந்துவிடும். ஊர்வனவற்றின் தோலோ உலர்ந்தது; நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளாலான செதில்களால் மூடப்பட்டது. உடலின் நீர் வெளியேறாமல் இது காக்கிறது. பாம்பு 'வழவழப்பாகவும் ஈரமாகவும்' இருக்கும் என்பது தொட்டுப் பாராதவர் கூற்று.

இரண்டாவது, முட்டை. இருவாழ்விகள் முட்டையிட நீரை நாட வேண்டும். ஊர்வனவற்றின் முட்டையோ தோல்போன்ற அல்லது சுண்ணாம்பாலான ஓட்டையும், உள்ளே கருவைச் சூழ்ந்த நீர்ப்பையையும் கொண்டது. தனக்கு வேண்டிய குளத்தைத் தன்னுள்ளேயே சுமந்து வரும் முட்டை என இதனைக் கூறலாம். 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிய இம்மாற்றத்தால்தான் முதுகெலும்பிகள் நீர்க்கரையை விட்டு நிலத்தின் உட்பகுதிகளில் பரவ முடிந்தது. எனினும், எல்லா ஊர்வனவும் முட்டையிடுவதில்லை. கண்ணாடி விரியன் முட்டையை உடலுக்குள்ளேயே வைத்திருந்து குட்டிகளாக ஈனும்.

மூன்றாவது, வெப்பம். ஊர்வனவற்றைக் 'குளிர் இரத்த உயிரிகள்' என்பது வழக்கம். நண்பகல் வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தம் நம் இரத்தத்தைவிடச் சூடாகவும் இருக்கக்கூடும். உண்மையில், அவை உடல்வெப்பத்தை உணவை எரித்துப் பெறுவதில்லை. வெயிலிலிருந்தும் சூடேறிய நிலத்திலிருந்தும் பெறுகின்றன. மார்கழிக் காலையில் ஏரிக்கரைக் கற்களின்மேல் உடும்பு அசையாது கிடப்பதும், இரவில் தார்ச்சாலையின் சூட்டை நாடிப் பாம்பு வருவதும் இதனால்தான். உடலைச் சூடாக்க உணவைச் செலவிடாததால் அவற்றிற்குக் குறைந்த உணவே போதும். முதலை பல மாதங்கள் இரையின்றி உயிர்வாழும்.

தெரியுமா?

முதலைகளிலும் பெரும்பாலான ஆமைகளிலும், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பமே முடிவுசெய்கிறது. கடலாமைகளில் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும். புவி வெப்பமடைதல் இவ்வினங்களின் ஆண் பெண் விகிதத்தையே மாற்றிவிடும் என்று அறிவியலாளர் கவலைப்படுகின்றனர்.

நான்கு பெரும்பிரிவுகள்

இன்று உலகில் அறியப்பட்டுள்ள ஊர்வன இனங்கள் 12,000க்கும் மேற்பட்டவை. அவை அனைத்தும் நான்கு வரிசைகளுள் அடங்கும்.

1. ஆமைகள்
2. முதலைகள்
3. செதிலுடையன (பல்லிகளும் பாம்புகளும்)
4. துவாத்தரா

இவற்றுள் துவாத்தரா நியூசிலாந்தில் மட்டும் வாழ்வது. முதுகில் முள்வரிசை உடைய இதன் பெயருக்கு, அந்நாட்டுத் தொல்குடியினரான மவோரியரின் மொழியில் 'முதுகில் கூர்முனைகள்' என்பது பொருள். பார்வைக்கு ஓணானைப் போன்றிருந்தாலும், இது பல்லியினத்தைச் சேர்ந்ததன்று. டைனோசர் காலத்தில் செழித்திருந்த ஒரு வரிசையில் எஞ்சிநிற்பது இந்த ஓரினமே. தோற்ற ஒற்றுமையைக் கொண்டு உறவை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. மற்ற மூன்று வரிசைகளும் நம் மாநிலத்தில் உண்டு.

ஆமைகள்

ஆமையின் ஓடு அது புகுந்து வாழும் வீடன்று. விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து இணைந்து உருவான அதன் உடலே ஆகும். ஓட்டைவிட்டு ஆமையால் வெளிவர இயலாது. உலகில் ஏறத்தாழ 360 ஆமையினங்கள் உள்ளன. வாழிடத்தைக் கொண்டு அவற்றை நிலத்தாமை, நன்னீராமை, கடலாமை என மூன்றாகப் பிரித்தறியலாம்.

தூண்போன்ற கால்களை உடையது நிலத்தாமை. ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் நட்சத்திர ஆமை இவ்வகையினது. வீட்டில் வளர்த்தால் செல்வம் சேரும் என்னும் பொய்ந்நம்பிக்கையும் அயல்நாட்டு வணிகமும் இதனை அழிவை நோக்கித் தள்ளுகின்றன. ஏரி, குளங்களில் வாழும் பாலாமை, விரல்களிடையே சவ்வுடைய நன்னீராமை. நத்தை, தவளை, இறந்த மீன் ஆகியவற்றை உண்டு நீர்நிலையைத் தூய்மையாக வைத்திருக்கும் இது, ஏரி வற்றும்போது சேற்றில் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். துடுப்புபோன்ற கால்களை உடையது கடலாமை. சென்னைக் கடற்கரைக்குப் பனிக்காலத்தின் பிற்பகுதியில் முட்டையிட வரும் பங்குனி ஆமை இவ்வகையைச் சார்ந்தது. அம்முட்டைகளை நாய்களிடமிருந்தும் திருடர்களிடமிருந்தும் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் பணியைச் சென்னை மாணவர்கள் 1988 முதல் இரவுநடையாகச் செய்துவருகின்றனர்.

முதலைகள்

முதலையினங்கள் உலகில் முப்பதுக்கும் குறைவானவை. மற்ற ஊர்வனவற்றின் இதயம் முழுமையாகப் பிரிக்கப்படாத மூவறைகளை உடையது. முதலையின் இதயம் மட்டும் நம்மைப்போல் நான்கறை உடையது. உறவு முறையில் முதலைக்கு மிக நெருங்கிய உயிரினம் பல்லியன்று; பறவையே. தாய்முதலை முட்டையிட்ட இடத்தைக் காவல்காப்பதும், குஞ்சுகளை வாயில் மென்மையாக ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்வதும் பறவைகளின் பேணலை நினைவூட்டும்.

இந்தியாவில் நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை, வட இந்திய ஆறுகளில் வாழும் நீள்மூக்குடைய கரியால் ஆகிய மூவினங்கள் உள்ளன. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த இவற்றைக் காக்க 1975இல் நடுவண் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியால் முதலைப் பண்ணை அமைந்தது. தமிழகத்தில் அமராவதி அணைப்பகுதி, சதுப்புநில முதலைகளின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்று.

பல்லியினம்

பாம்பும் பல்லியும் 'செதிலுடையன' என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஊர்வனவற்றுள் மிகப் பெரிய வரிசை இதுவே. பல்லிகளில் 7,000க்கும் மேற்பட்ட இனங்களும் பாம்புகளில் 4,000க்கும் மேற்பட்ட இனங்களும் உள்ளன.

வீட்டுப்பல்லி, ஓணான், அரணை, பச்சோந்தி, உடும்பு ஆகியவை நாம் நன்கறிந்த பல்லியினங்கள். பல்லியின் விரலடியில் உள்ள எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. இடர்வரும்போது அது வாலை அறுத்துவிட்டுத் தப்பும். வால் மீண்டும் வளரும். 'அரணை கடித்தால் மரணம்' என்பது மக்கள் வழக்கு. ஆனால், அரணைக்கு நஞ்சே இல்லை. பல்லி விழுந்த உணவு தூய்மை கெட்டதாகலாம். அதற்குக் காரணம் பல்லியின் நஞ்சு அன்று. இந்தியாவில் வாழும் பல்லியினங்களுள் எதுவும் மனிதனைக் கொல்லும் நஞ்சு உடையதன்று. ஆயினும், இறைச்சிக்காகவும் மருந்தென்னும் பெயராலும் வேட்டையாடப்படும் உடும்பு, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெறும் நிலைக்கு வந்துள்ளது.

பாம்புகள்

பாம்பு, கால்களை இழந்த பல்லிவழி உயிரினம். மலைப்பாம்பின் உடலின் பின்பகுதியில் காணப்படும் சிறு நகங்கள் பழைய பின்னங்கால்களின் எச்சங்களாகும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணைக் கண்ணாடிபோன்ற செதில் மூடியுள்ளது. கீழ்த்தாடையின் இருபாதிகளும் நெகிழ்வாக இணைந்துள்ளதால், தன் தலையைவிடப் பெரிய இரையை அது விழுங்கும். நாக்கு நீட்டி உள்ளிழுப்பது தீண்டுவதற்கன்று. காற்றிலுள்ள மணத்துகள்களைத் திரட்டி மேலண்ணத்தில் உள்ள உறுப்புக்குக் கொடுப்பதற்கே.

இந்தியாவில் உள்ள பாம்பினங்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ அறுபது இனங்களே நஞ்சுடையவை. ஏரிக்கரை, வயல், குடியிருப்பு ஆகிய இடங்களில் நாம் காணும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளிப் பாம்பு, வெள்ளிக்கோல் வரையன் ஆகியவற்றால் மனித உயிருக்குத் தீங்கில்லை. சாரை, வயலுக்கும் கிடங்குக்கும் கூலி கேளாத காவலாள். எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளை உண்ணும் வேட்டையாளன் அதனைப்போல் வேறொன்றில்லை.

சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்பது நெடுங்கால நம்பிக்கை. உயர எழுந்து ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் அக்காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் வலிமை காட்டிக்கொள்ளும் மற்போரே ஆகும். வாலும் தலைபோல் தடித்திருப்பதால் 'இருதலைப் பாம்பு' எனப்படும் மண்ணுளிப் பாம்பைப் பெருவிலைக்கு விற்கலாம் என்று ஏமாற்றுவோரும், ஏமாந்து சிறைசெல்வோரும் இன்றும் உளர்.

நால்வரை அறிதல்

இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகளுக்குப் பெரிதும் காரணமானவை நான்கு இனங்கள்.

நல்ல பாம்பு: கழுத்து எலும்புகளை விரித்துப் படமெடுக்கும், படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். இதன் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கடித்த இடம் வீங்கும்.

கட்டுவிரியன்: பளபளக்கும் கருநிற உடலில் மெல்லிய வெண்பட்டைகள் இருக்கும். இரவில் மட்டும் இயங்கும். வீட்டினுள் புகுந்து, தரையில் உறங்குவோரைக் கடிப்பது இதுவே. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியலில் வயிற்றுவலியும் இமைச்சரிவும் தோன்றும்போதுதான் ஏதோ நேர்ந்தது தெரியவரும்.

கண்ணாடி விரியன்: பருத்த உடல், முக்கோணத் தலை, முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசைகளில் நீள்வட்டக் குறிகள். அழுத்தக் கலனிலிருந்து ஆவி வெளியேறுவதுபோல் உரக்கச் சீறும். இதன் நஞ்சு குருதி உறைதலைக் கெடுத்துச் சிறுநீரகத்தைச் சிதைக்கும்.

சுருட்டை விரியன்: சிறிய பாம்பு, வறண்ட நிலத்தில் கற்களினடியில் வாழும். உடலைச் சுருட்டி, அரம்போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசி 'சரசர' ஓசை எழுப்பும்.

இந்நான்கையும் அறிவதில் இரு இடர்ப்பாடுகள் உண்டு. ஒன்று, பெயர். கட்டுவிரியன் பெயரளவில்தான் விரியன். குடும்பத்தால் நல்ல பாம்பின் உறவு. மற்றொன்று, ஒப்புமை. நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கும் உடலில் பட்டைகள் உண்டு. அதன் பட்டைகள் தலைப்பக்கம் தெளிவாகத் தொடங்கி வால்நோக்கி மங்கும்; கட்டுவிரியனின் பட்டைகளோ வால்பக்கமே தெளிவாக இருக்கும். மண்ணுளிப் பாம்பின் ஓர் இனம் கண்ணாடி விரியனைப் போலவே தோன்றும். எனவே, ஐயமுள்ள பாம்பை நஞ்சுடையதாகவே கருதி விலகி நிற்பதே அறிவுடைமை. கொல்ல முற்படுவோரும் வெறுங்கையால் பிடிக்க முற்படுவோருமே பெரிதும் கடிபடுகின்றனர்.

இச்சிக்கல் புதியதன்று. கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய மருத்துவர் பாட்ரிக் ரசல், சோழமண்டலக் கடற்கரைப் பகுதிப் பாம்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 1796இல் படங்களோடு நூல் வெளியிட்டார். நஞ்சுள்ள பாம்பை நஞ்சற்றதிலிருந்து மக்கள் எளிதில் பிரித்தறிய வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. கண்ணாடி விரியன் அறிவியல் உலகில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இருளர் தந்த கொடை

ரசலின் நூலுக்கு நெடுங்காலம் முன்பே அவ்வறிவைக் கண்ணிலும் காலிலும் கொண்டிருந்தோர் இருளர். மண்ணில் பதிந்த தடம், உரித்த சட்டை, எச்சம், வளைவாயின் வழவழப்பு ஆகியவற்றைக் கொண்டே உள்ளிருக்கும் பாம்பு எது என்று கூறவல்ல பழங்குடியினர் அவர். ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகமே அவர்க்குப் பிழைப்பாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. ஆனால், இருளரின் வாழ்வாதாரத்தை நிறுத்திவிட்டன.

அந்நெருக்கடிக்கு விடையாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தினர், உரிமம் பெற்று அந்நால்வகைப் பாம்புகளைப் பிடிக்கின்றனர். மண்பானையில் மணலிட்டு, துணியால் வாய்கட்டிச் சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளிவிட்டு நஞ்சை எடுக்கின்றனர். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அடையாளம் உள்ள பாம்பு மீண்டும் அகப்பட்டால் அதனை உடனே விடுவிப்பர். உறையவைத்து உலர்த்திய அந்நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்குக் குதிரையின் உடலில் சிறுசிறு அளவாகச் செலுத்தப்படுகிறது. நஞ்சை எதிர்க்கக் குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்து சென்றதாகும்.

இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கட்டுக்கடங்காது பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப்பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டனர். கருவிகளும் நாய்களும் தேடிய இடத்தில் அவர்கள் தடம் பார்த்தே பாம்பைக் கண்டனர். 2023இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிப் படிப்பில்லாத ஒரு மரபறிவு, உயிரியல் ஆய்வுக்கு இணையாக நின்ற தருணம் அது.

தெரிந்து தெளிவோம்

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியவை: கடிபட்டவரை அமைதிப்படுத்தி, நடக்கவிடாமல் படுக்கவைத்தல்; மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றுதல்; கடிபட்ட கை அல்லது காலை அசையாதவாறு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுதல்; 108 ஊர்தியை அழைத்து உடனே நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல்.

செய்யக் கூடாதவை: கயிற்றால் இறுகக் கட்டுதல், கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மந்திரத்திற்கும் பச்சிலைக்கும் காத்திருத்தல், பாம்பைத் தேடிப் பிடித்தல். இந்திய நச்சுமுறி மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது என்பதால், மருத்துவத்திற்காகப் பாம்பைக் கொண்டுவரத் தேவையில்லை.

மறைந்திருக்கும் துயரம்

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள்! இறந்தோருள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்த உழைக்கும் மக்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இவ்விறப்புகளைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2024இல் வெளியிட்டது. அதே ஆண்டில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. எண்ணிக்கை தெரிந்தால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து என்று திட்டமிட முடியும்.

இவ்விறப்புகளுள் பெரும்பாலானவை தவிர்க்கத்தக்கவை. இரவில் கைவிளக்கும் காலணியும், தரைக்கு மாறாகக் கட்டிலும், நன்கு செருகிய கொசுவலையும், குப்பையும் எலியும் சேராத சுற்றுப்புறமும் மருந்தைவிட முந்திநிற்கும் காவல்கள். தொழிற்சாலை மதிலோரப் பாதையில் ஒரு விளக்கு எரிவதும், உணவுக்கழிவு அன்றன்றே அகற்றப்படுவதும் பாம்புக்கடித் தடுப்பு நடவடிக்கைகளே ஆகும்.

நிறைவாக

வளாகத்தினுள் பாம்பு புகுந்தால், தீயணைப்பு மீட்புப் பணித்துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை விலகி நின்று அதன்மேல் கண்வைத்திருப்பதே நம் கடமை. பிடிபட்டது சாரையாயின் அஞ்சியதற்கு நாணலாம். விரியனாயின் விலகியதற்கு மகிழலாம். இரண்டிலும் எவர் உயிரும் போகவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரியின் நீர், குழாய்வழியே மாநகர வீடுகளுக்குள் வருகிறது. அதே நீரில் பாலாமை நத்தை தேடுகிறது; தண்ணீர்ப்பாம்பு மீன் தேடுகிறது; கரையில் உடும்பு வெயில் காய்கிறது. இவை நம் நிலத்திற்குள் புகுந்த அயலார் அல்லர். நாம் பின்னர் வந்து சேர்ந்த நிலத்தின் முன்னோர். அவற்றைப் பெயர்சொல்லி அறிந்துகொள்வது அண்டைவீட்டார்க்குச் செய்யும் முதல் மரியாதை. அவ்வறிவு வளர்ந்தால், கல்லெடுத்த கை தாழும்; கைவிளக்கு உயரும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வழங்கும் பாம்பு, பல்லி, ஆமைப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவை எவ்வரிசையைச் சேர்ந்தவை என அட்டவணைப்படுத்துக.

2. ஊர்வன பற்றிய நம்பிக்கைகள் ஐந்தினைத் திரட்டி, அவற்றுள் உண்மை எது, பொய் எது என்று வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. பள்ளியிலிருந்து உங்கள் வீடுவரை உள்ள பாதையில், பாம்புக்கடிக்கு வாய்ப்புள்ள இடங்களைக் குறித்து, அவற்றைச் சீர்செய்யக் கோரி ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. 'கட்செவி' என்னும் பெயர் பாம்புக்கு வழங்கக் காரணம் யாது?

2. துவாத்தரா பல்லியினத்தைச் சேர்ந்ததன்று என்பதிலிருந்து நாம் அறிவது யாது?

சிறுவினா

1. கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் வேறுபடுத்தி எழுதுக.

2. 'குளிர் இரத்த உயிரிகள்' என்னும் தொடர் ஏன் பொருத்தமற்றது? விளக்குக.

நெடுவினா

1. ஊர்வனவற்றின் பெரும்பிரிவுகளைத் தமிழகச் சான்றுகளுடன் விவரிக்க.

2. இருளர் மரபறிவு, காட்டுயிர்ப் பாதுகாப்பையும் மனித உயிர்காப்பையும் எவ்வாறு இணைத்தது என்பதைக் கட்டுரையாக்குக.